தேக்காவின் எண்ணைப் பிரித்துப் பார்த்தால்

மதுரையிலிருந்து வந்திருந்த மாமாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தைக்கு அழைத்துப் போயிருந்தேன். மாமா நாற்பது வருடம் மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதியவர். எண் எதுவும் கண்ணில் பட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. பேருந்தின் பதிவு எண்ணைக்கூடக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். ஈரச்சந்தைப் பக்கம் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு, உணவங்காடிப் பக்கம் வந்து தோசை சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். மாமா காய்கறிக் கடை ரசீதை எடுத்து, மேலே அச்சிட்டிருந்த முகவரியைப் படித்தார். புளோக் 665, பஃபலோ ரோடு, சிங்கப்பூர் 210665.

"ரெண்டு லட்சத்துப் பத்தாயிரத்து அறுநூத்து அறுபத்தஞ்சு" என்றார்.

"அது எண்ணு இல்ல மாமா, அஞ்சல் குறியீடு. டூ ஒன் ஸீரோ, சிக்ஸ் சிக்ஸ் ஃபைவ்னு சொல்லணும்."

"இலக்கமா எழுதியிருக்குல்ல? அப்ப எண்ணுதான். எதுல எல்லாம் போகும்?"

மீதியில்லாமல் எவற்றால் வகுபடும் என்பதைத்தான் பழைய கணக்குக்காரர்கள் "எதுல போகும்" என்று கேட்பார்கள். "அஞ்சுல போகும் மாமா" என்று சொல்லிவிட்டுத் தோசை வாங்க எழுந்து போய்விட்டேன். ஆனால் கேள்வி கூடவே வந்தது. இரவு வீட்டில் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், பன்னிரண்டு மணிக்குத்தான் எழுந்தேன். ரசீதின் ஓரத்தில் இருந்த ஓர் எண்ணுக்குள் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் அந்த எண் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1995-இல் வந்தது. ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு உண்டு. டாக்சி ஓட்டுநரிடம் அந்த ஆறு இலக்கத்தைச் சொன்னாலே வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார். முதல் இரண்டு இலக்கம் வட்டாரத்தைக் குறிக்கும். 21 என்றால் லிட்டில் இந்தியா பக்கம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய கட்டடமாக இருந்தால் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண். எனவே 210665-இல் 21 வட்டாரம், 665 புளோக். இதை யாரும் கூட்டுவதற்கோ பெருக்குவதற்கோ உருவாக்கவில்லை. மூக்கையா, முருகையா என்று பெயர் வைப்பது போலக் கட்டடத்துக்கு வைத்த பெயர். இருந்தாலும் மாமா சொல்வது சரிதான்: இலக்கங்களால் எழுதிவிட்டால் அது எண்ணாகிவிடுகிறது. யாரும் திட்டமிடாத குணங்கள் எல்லாம் தாமாகவே அதில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

முதல் கேள்வி, இது பகா எண்ணா? கடைசி இலக்கம் 5. ஆகவே ஐந்தில் போகும். பகா எண் இல்லை என்பது அங்கேயே முடிந்துவிட்டது. 5-ஆல் வகுத்தால் 42133. இனி இதை உடைக்க வேண்டும். ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் வர்க்கமூலத்துக்கு மேல் போகாத காரணி ஒன்றாவது அதற்குக் கட்டாயம் இருக்கும். இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்தைவிடப் பெரியவையாக இருந்தால் பெருக்குத்தொகை எண்ணைத் தாண்டிவிடும் அல்லவா? 210665-இன் வர்க்கமூலம் 459-க்குச் சற்றே குறைவு. அதுவரை 88 பகா எண்கள் இருக்கின்றன. எவ்வளவு பிடிவாதமான எண்ணாக இருந்தாலும் இந்த அளவில் 88 வகுத்தலுக்குள் குட்டு வெளிப்பட்டுவிடும். பள்ளிப் பிள்ளைகள் இதைப் பொறுமையாகச் செய்வார்கள். எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் குறுக்கு வழி தேடினேன்.

குறுக்கு வழி ஒரு காற்புள்ளியில் இருந்தது.

மாமா இந்த எண்ணைத் தாளில் எழுதினால் 2,10,665 என்று எழுதுவார். லட்சம் ஓரிடம், ஆயிரம் ஓரிடம். இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கை ஆங்கிலத்தில் படித்த என் மகன் 210,665 என்று எழுதுவான். மூன்று மூன்று இலக்கமாக வெட்டுவது அவன் பழக்கம். எங்கள் வீட்டில் இது அடிக்கடி குழப்பம் செய்யும். ஊரில் நிலம் விலை பேசும்போது பத்து லட்சமா, ஒரு மில்லியனா என்று விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கும். (இரண்டும் ஒன்றுதான்.) பொதுவாக நான் மாமா கட்சி. ஆனால் இந்தக் கணக்கில் மட்டும் மகனின் காற்புள்ளிதான் கைகொடுத்தது.

காரணம் 1001. இதை 7 × 11 × 13 என்று பிரிக்கலாம். பார்த்தால் சாதாரணமான பெருக்கல். ஆனால் ஆயிரத்துக்கு ஒன்றுதான் கூடுதல் என்பதால் நமக்கு வசதியாகிவிடுகிறது. 210665 என்பது 210 ஆயிரமும் 665-உம். ஆயிரத்துக்குப் பதிலாக 1001 என்று வைத்துக்கொண்டால் 210 கூடிவிடும். கூடியதை 665-இலிருந்து கழித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். அதாவது 210665 = 210 × 1001 + 455. முதல் பாதி 1001-இன் மடங்கு, எனவே அது 7, 11, 13 மூன்றிலும் போகும். மிச்சமிருக்கும் 455-ஐ மட்டும் பார்த்தால் போதும். 455 என்பது 5 × 7 × 13. ஆகவே 210665, 7-இலும் போகும், 13-இலும் போகும், 11-இல் போகாது.

இந்த வித்தையில் நமக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. கடைசி மூன்று இலக்கத்திலிருந்து முதல் மூன்று இலக்கத்தைக் கழிக்க வேண்டும் என்பதுதான் விதி. வீவக அஞ்சல் குறியீடு அதே இடத்தில்தான் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கிறது. புளோக் எண்ணிலிருந்து, வட்டார எண்ணோடு தொடங்கும் முதல் மூன்று இலக்கத்தைக் கழித்தால் தீர்ந்தது. மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில் மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

வேறு முகவரிகளிலும் போட்டுப் பார்த்தேன். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலின் குறியீடு 218042. 218-க்கும் 42-க்கும் வித்தியாசம் 176. அதில் 11 இருக்கிறது, 7-உம் 13-உம் இல்லை. முழுதாக உடைத்தால் 2 × 11 × 11 × 17 × 53. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு 058793. முன்னால் நிற்கும் சுழியத்துக்குக் கணக்கில் மதிப்பில்லை. தபால்காரருக்கு மட்டும் உண்டு. 793-இலிருந்து 58-ஐக் கழித்தால் 735. அதில் 7 இருக்கிறது. எண் 7 × 37 × 227 என்று உடைகிறது. விக்டோரியா ஸ்ட்ரீட்டிலுள்ள தேசிய நூலகத்தின் 188064 மட்டும் மூன்றுக்கும் பிடிகொடுக்கவில்லை. அதில் இரண்டுகளும் மூன்றுகளும் குவிந்திருக்கின்றன: ஐந்து 2, இரண்டு 3, அப்புறம் ஒரு 653.

தேக்காவுக்கே திரும்புவோம், அங்கே இன்னும் சரக்கு இருக்கிறது. முன்பாதியான 210-ஐப் பாருங்கள். 2 × 3 × 5 × 7. முதல் நான்கு பகா எண்களின் பெருக்குத்தொகை. இதனால் 210-இல் தொடங்கும் எந்தக் குறியீட்டிலும் 2, 3, 5, 7 ஆகிய நான்கும் போகுமா என்பதைப் புளோக் எண்ணே தீர்மானித்துவிடும். முன்பாதி எப்போதும் மீதியில்லாமல் கழன்றுகொள்ளும். 665 என்பது 5 × 7 × 19. அதிலிருந்த 5-உம் 7-உம் பெரிய எண்ணுக்கு அப்படியே வந்துவிட்டன. 19 வரவில்லை, ஏனென்றால் 210000-ஐ 19-ஆல் வகுத்தால் மீதி 12 நிற்கிறது.

அப்படியென்றால் 13 எங்கிருந்து வந்தது? 210-இல் 13 இல்லை, 665-இலும் 13 இல்லை. 210000-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 11. 665-ஐ வகுத்தால் மீதி 2. பதினொன்றும் இரண்டும் பதின்மூன்று. இரண்டு வீட்டு மிச்சச் சோறு சேர்ந்து ஒரு ஆளுக்குச் சரியாகப் போதுமானதாக ஆகிவிட்டது போல. கூட்டலில் காரணிகள் இப்படித்தான் நடந்துகொள்ளும். பெருக்கும்போது காரணிகள் எங்கேயும் போகாது, அப்படியே தங்கும். கூட்டும்போது சில காணாமல் போகும், எதிர்பாராத புதியவை முளைக்கும். எண்கணிதத்தின் கடினமான கேள்விகளில் பல கூட்டலும் பெருக்கலும் சந்திக்கும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

இப்போது 210665-ஐ 5, 7, 13 மூன்றாலும் வகுத்துவிட்டால், அதாவது 455-ஆல் வகுத்தால், 463 வருகிறது. தனியாக வகுக்கவே வேண்டியதில்லை. 210 × 1001 = 210210; இது 455-ஐ 462 தடவை கொண்டது. கழித்து வந்த மீதியும் ஒரு 455. ஆக 463 தடவை. 463 பகா எண்ணா என்று பார்க்க 19 வரை வகுத்துப் பார்த்தால் போதும். 23-இன் வர்க்கம் 529, தாண்டிவிடுகிறது. எதிலும் போகவில்லை. முடிவாக:

210665 = 5 × 7 × 13 × 463

எந்த வழியில் உடைத்தாலும் இதே நான்குதான் வரும், வரிசை மட்டும் மாறலாம். இதைப் பிழையில்லாமல் முழுமையாக நிறுவிக் காட்டியவர் ஜெர்மானியக் கணிதர் காஸ், 1801-இல். பள்ளியில் இதைச் சொல்லும்போது "அதுதான் தெரியுமே" என்று தோன்றும். ஆனால் இது ஒன்று இல்லாவிட்டால் கீழே வரப்போகும் எதுவும் நிற்காது.

455, 463. இந்த இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதைப் பார்த்ததும்தான் எனக்குத் தூக்கம் போனது. வித்தியாசம் எட்டே எட்டு. நடுவில் 459, ஒன்று நான்கு குறைவு, மற்றது நான்கு கூடுதல். ஒரு நடு எண்ணிலிருந்து சமதூரத்தில் இருக்கும் இரண்டைப் பெருக்கினால், நடுவின் வர்க்கத்திலிருந்து தூரத்தின் வர்க்கத்தைக் கழித்த விடை வரும். 459 × 459 = 210681. நான்கின் வர்க்கம் 16. கழித்தால் 210665.

புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வரிசைக்கு 459 புள்ளி வீதம் 459 வரிசை வையுங்கள். (இவ்வளவு பெரிய வாசல் சிங்கப்பூரில் யாருக்கும் கிடைக்காது, கற்பனைதானே.) கீழ் மூலையில் நாலுக்கு நாலு, பதினாறு புள்ளியை அழித்துவிடுங்கள். மிச்சம் 210665 புள்ளி. அடியில் உள்ள நான்கு வரிசையும் இப்போது குட்டையாகி, வரிசைக்கு 455 புள்ளியோடு நிற்கும். அந்தப் பட்டையை அப்படியே பெயர்த்து, நிமிர்த்தி, மேலே உள்ள பெரிய பகுதியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். மேலே இருப்பது 455 வரிசை. ஒவ்வொன்றிலும் 459 புள்ளியோடு நான்கு சேர்ந்து 463. எந்த மூலையிலும் இடிபாடு இல்லாத செவ்வகம்.

பிரெஞ்சுக்காரரான ஃபெர்மா 1643-இல் எழுதிய கடிதம் ஒன்றில் இந்தக் கோலத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். தொழிலால் சட்டத்துறைக்காரர், கணக்கு அவருக்குப் பொழுதுபோக்கு. உடைக்க வேண்டிய எண்ணுக்குச் சற்று மேலே உள்ள வர்க்கத்தை எடு. அதிலிருந்து எண்ணைக் கழி. மிச்சம் ஒரு வர்க்கமாக இருந்தால் காரணிகள் கையில் வந்துவிட்டன. இல்லையென்றால் அடுத்த வர்க்கத்துக்குப் போ. இவ்வளவுதான் வழி. அவர் 2027651281 என்ற பத்து இலக்க எண்ணை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டே முயற்சியில் 44021 × 46061 என்று உடைத்துக் காட்டினார். நம் தேக்கா எண்ணுக்கு அந்தச் சிரமமும் இல்லை. மேலே உள்ள முதல் வர்க்கம் 210681. கழித்தால் 16. முதல் முயற்சியிலேயே விழுந்துவிட்டது. 88 பகா எண்களால் வகுக்க நினைத்தவன் நான் என்பதை மாமாவிடம் சொல்லவில்லை.

இந்த நான்கு பகா எண்களும் தெரிந்துவிட்டால், எண்ணைப் பற்றிய மற்றச் செய்திகளை அவற்றிலிருந்தே படித்துவிடலாம். உதாரணத்துக்கு, 210665 மொத்தம் எத்தனை எண்களில் போகும்? தோசைக்குச் சட்னி, சாம்பார், பொடி, நெய் என்று நான்கு துணை இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லலாம். மொத்தம் 2 × 2 × 2 × 2, பதினாறு விதத் தட்டுகள். எதுவுமே வேண்டாம் என்று வெறும் தோசை வாங்குகிறவரும் அதில் ஒருவர். அதேபோல 5, 7, 13, 463 ஆகிய நான்கில் ஒவ்வொன்றையும் சேர்த்தோ விட்டோ பெருக்கினால் பதினாறு வகுத்திகள்: 1, 5, 7, 13, 35, 65, 91, 455, இவற்றின் 463 மடங்குகளான 463, 2315, 3241, 6019, 16205, 30095, 42133, கடைசியில் 210665.

இந்தப் பதினாறையும் கூட்டினால் 311808. ஒவ்வொன்றாகக் கூட்டியும் பார்க்கலாம், அல்லது 6 × 8 × 14 × 464 என்று ஒரே பெருக்கலில் முடிக்கலாம். ஒவ்வொரு பகா எண்ணோடும் ஒன்றைச் சேர்த்துப் பெருக்கினால் பதினாறு தட்டுகளும் தாமாகவே விரிந்து வந்துவிடும். எண்ணைத் தவிர்த்துவிட்டு மற்றதை மட்டும் கூட்டினால் 101143, எண்ணில் பாதிகூட இல்லை. இப்படி மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணைவிடக் குறைந்தால், பழைய கிரேக்கர்கள் அவற்றைக் குறையெண்கள் என்று ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்தார்கள். வழியில் 6 × 8 × 14 பெருக்கும்போது 672 வருகிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 672-இன் எல்லா வகுத்திகளையும் கூட்டினால் 2016. சரியாக மூன்று மடங்கு. இந்தக் குணமுள்ள எண்கள் மிகமிக அபூர்வம். 120-க்கு அடுத்தது 672, அதற்கடுத்தது 523776-இல்தான். தேக்கா எண்ணின் வயிற்றுக்குள் இது எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. தற்செயல்.

அடுத்து, இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? ஒரு பெரிய கோலத்தின் புள்ளிகளைக் கலைத்து இரண்டு சதுரக் கோலமாகப் போட முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது. தேடிப் பார்த்துச் சொல்லவில்லை, தேடாமலே சொல்லலாம். எந்த வர்க்கத்தை 7-ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 2, 4 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இந்த மீதிகளில் எந்த இரண்டைக் கூட்டினாலும் 7-இல் போகாது, இரண்டுமே 0 என்றாலொழிய. நம் எண் 7-இல் போகிறது. ஆகவே இரண்டு வர்க்கமும் 7-இல் போக வேண்டும். அப்படியானால் இரண்டும் 49-இல் போகும். கூட்டுத்தொகையும் 49-இல் போக வேண்டும். ஆனால் நம் எண்ணில் 7 ஒரே ஒரு தடவைதான் இருக்கிறது. முடிந்தது கதை. 463-ஐ வைத்தும் இதே போல வாதிடலாம். நான்கால் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண்கள் எல்லாமே இந்த விஷயத்தில் முரண்டு பிடிப்பவை.

மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும்: 458-இன் வர்க்கம் 209764, 30-இன் வர்க்கம் 900, மிச்சம் 1. ஒரு பெரிய கோலம், ஒரு நடுத்தரக் கோலம், மூலையில் ஒற்றைப் புள்ளி. நான்கு சதுரம் வரை அனுமதித்தால் எந்த முழு எண்ணையும் இப்படிக் கலைத்துப் போட்டுவிடலாம் என்று கணிதர் லக்ராஞ்சு 1770-இல் நிறுவினார்.

ஒரு டாலரை 210665 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு என்று தசமத்தில் எழுதத் தொடங்கினால், புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் தனியாக நிற்கும், அதன் பிறகு 462 இலக்கங்கள் கொண்ட ஒரு கோவை முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும். அந்தத் தனி இலக்கம் 5-இன் வேலை. 5 பத்திலேயே போகும் என்பதால் சுழற்சியில் அது கலந்துகொள்ளாது. 7-ஆல் வகுத்தால் ஆறு இலக்கத்துக்கு ஒரு தடவை கோவை திரும்பும். 13-க்கும் ஆறுதான். 463-க்கு 154. ஆறு நிமிடத்துக்கு ஒரு பேருந்தும் 154 நிமிடத்துக்கு ஒரு பேருந்தும் ஒரே நேரத்தில் நிலையத்திலிருந்து கிளம்பினால், மறுபடி இரண்டும் சேர்ந்து கிளம்ப 462 நிமிடம் ஆகும். அதே கணக்கு.

நான்கு வெவ்வேறு பகா காரணிகள் என்பது இந்த அளவு எண்ணுக்கு அதிகமா, குறைவா? இந்தக் கேள்விக்கு விடை தந்தவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். ராமானுஜன் என்றதும் எல்லோரும் டாக்சி எண் கதையைத்தான் எடுப்பார்கள். நான் எடுக்கப் போவதில்லை. 1917-இல் ஆங்கிலேயக் கணிதர் ஹார்டியும் அவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாதாரணமாக ஓர் எண்ணுக்கு எத்தனை பகா காரணிகள் இருக்கும் என்பதுதான் விஷயம். விடை: எண்ணின் இயல் மடக்கையை (natural logarithm) எடுத்து, அந்த விடைக்கும் ஒருமுறை இயல் மடக்கை எடுங்கள், பெரும்பாலான எண்களுக்குக் காரணிகளின் எண்ணிக்கை அதையொட்டியே இருக்கும். 210665-க்கு முதல் மடக்கை 12.26, இரண்டாவது 2.5. ஆக இரண்டரை இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருக்கின்றன. தேக்கா கொஞ்சம் செழிப்பான எண்தான்.

இதில் எனக்கு ஆச்சரியம், இந்த அளவு எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்பது. 617 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை எடுத்தாலும் இரண்டு தடவை மடக்கை எடுத்தபின் ஏழு சொச்சம்தான் வருகிறது. அறுநூறு இலக்கம், ஏழே ஏழு காரணி.

617 என்று சும்மா சொல்லவில்லை. ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் என்ற மூவர் 1977-இல் உருவாக்கிய ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையில், அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் முறையில், சாவி என்பது ஒரு பெரிய எண்; இன்று பரவலாக இருக்கும் சாவிகள் 617 இலக்கம் கொண்டவை. அதில் வேண்டுமென்றே இரண்டே இரண்டு பகா காரணிகள், ஒவ்வொன்றும் முந்நூறு இலக்கத்துக்கு மேல். பெருக்குவது கணினிக்குக் கண் இமைக்கும் நேர வேலை. பெருக்கிய விடையை ஊருக்கே காட்டலாம். பழையபடி இரண்டாகப் பிரிப்பதற்கு மட்டும் யாரிடமும் வேகமான வழி கிடையாது. இதே முறைக்குச் சவாலாக வெளியிடப்பட்ட 250 இலக்க எண் ஒன்றை 2020 பிப்ரவரியில் ஒரு குழு உடைத்தது. பல கணினிகள் சேர்ந்து செய்த அந்த வேலையை ஒரே ஒரு செயலிக் கருவிடம் (core) கொடுத்திருந்தால் ஏறக்குறைய 2,700 வருடம் பிடித்திருக்கும்.

இங்கேதான் தேக்காவின் எண் திரும்ப வருகிறது. இரண்டு பகா எண்களும் எத்தனை நூறு இலக்கம் கொண்டவையாக இருந்தால் என்ன, 455-உம் 463-உம் போல ஒட்டிப் பிறந்தவையாக இருந்தால் ஃபெர்மாவின் 1643-ஆம் வருடத்து வழி ஓரிரு கழித்தலில் சாவியைத் திறந்துவிடும். இது கற்பனை ஆபத்து அல்ல. ஒரு பகா எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு அடுத்தாற்போல வரும் பகா எண்ணையே இரண்டாவதாக வைத்துக்கொள்ளும் சோம்பேறி மென்பொருள்கள் இருந்திருக்கின்றன. 2022-இல் ஆய்வாளர் ஒருவர், புழக்கத்தில் இருந்த சில அச்சுப்பொறிகளின் சாவிகளை இந்த வழியிலேயே உடைத்துக் காட்டினார். சாவி தயாரிப்பதற்கான அமெரிக்கத் தரவிதியில் இரண்டு பகா எண்களும் ஒன்றுக்கொன்று போதிய தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையே உண்டு.

மறுநாள் காலை கோப்பி குடிக்கும்போது இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். மறையாக்கம் வரை பொறுமையாகக் கேட்டார். அவருக்குப் பிடித்தது 1001 மட்டும்தான். "நாப்பது வருசம் இது தெரியாமப் போச்சே மாப்ளே" என்று இரண்டு தடவை சொன்னார். அப்புறம் என் பேனாவை வாங்கி, அவருக்குத் தெரிந்த ஆறு இலக்கத்தை நாளிதழ் ஓரத்தில் எழுதினார். 625001. மதுரையின் பின்கோடு. 625-இலிருந்து ஒன்றைக் கழித்து 624, அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்.

"பதிமூணுல போகுது!"

போகத்தான் போகிறது, 624 என்பது 13 × 48. நான் கைப்பேசியில் மீதியையும் உடைத்தேன்: 13 × 131 × 367. ஃபெர்மா வழியிலும் போட்டுப் பார்த்தேன். காரணிகளை இரண்டு தொகுதியாக எப்படிச் சேர்த்தாலும் நெருங்கி வருவது 367-உம் 1703-உம்தான். நடு எண் 1035. வர்க்கமூலத்துக்கு மேலே 791-இல் தொடங்கி ஒவ்வொரு வர்க்கமாக ஏறிப் போனால் 245-ஆவது முயற்சியில்தான் எண் உடையும்.

"தேக்கா ஒரே தடவைல விழுந்துருச்சு மாமா. மதுரைக்கு இருநூத்து நாப்பத்தஞ்சு தடவை."

"பின்னே?" என்று சொல்லிவிட்டு மாமா நாளிதழை மடித்து வைத்தார்.